ரோந்துக் காவலருக்கு எந்த நிலைக் கவசம்?

கேள்வி இதுதான்: ஒரு காவல் பிரிவின் ரோந்துக் காவலர்களுக்குப் புதிதாகக் குண்டு துளைக்காத உடை வாங்க வேண்டும். விற்பவர்களில் ஒருவர் லெவல் 2 போதும் என்கிறார். இன்னொருவர் 3ஏ-க்குக் குறைந்து எதையும் தொடாதீர்கள் என்கிறார். மூன்றாமவர், "உயிர் விஷயத்தில் கணக்குப் பார்க்கலாமா, நேரே லெவல் 4 வாங்கிவிடுங்கள்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ரோந்துக்குப் பொதுவாகச் சரியானது, பணி நேரம் முழுக்க உடம்பில் இருக்கக்கூடிய மென்கவசம். அது 3ஏ நிலையில் இருந்தால் நல்லது. வெயிலும் புழுக்கமும் அதைக் கழற்ற வைக்கும் என்றால் 2 நிலை. ரைஃபிளுக்கான கடினத் தகடுகள் தனி உறையில் வண்டியிலேயே இருக்க வேண்டும், தேவைப்படும்போது மேலே மாட்டிக்கொள்ள. கத்திதான் பெரிய ஆபத்து என்றால் இந்தக் கணக்கு மாறும். அதைப் பிறகு சொல்கிறேன். லெவல் 4 தகட்டை எட்டு மணி நேரம் சுமந்துகொண்டு ரோந்து போகச் சொல்பவர் அதை மாட்டிக்கொண்டு ஒரு நாள் ஜீப்பில் உட்கார்ந்து பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.

இனி ஏன் என்று பார்ப்போம். இந்த 2, 3ஏ, 4 எல்லாம், ஒரு கவசம் எந்தக் குண்டு வரை தாங்கும் என்பதைக் குறிக்க அமெரிக்க நீதித் துறையின் ஆய்வு அமைப்பான என்.ஐ.ஜே. வகுத்த பெயர்கள். 1972-ல் தொடங்கிய அந்தத் தரவிதியைத்தான் உலகின் பல நாடுகள் நேரடியாகவோ ஒப்பீட்டுக்கோ எடுத்துக்கொள்கின்றன. 2008-ல் வந்த பதிப்பில் 2ஏ, 2, 3ஏ, 3, 4 என்று ஐந்து நிலைகள் இருந்தன. 2023 கடைசியில் வந்த புதிய பதிப்பு பெயர்களையே மாற்றிவிட்டது. கைத்துப்பாக்கிக்கு ஹெச்ஜி1, ஹெச்ஜி2. ரைஃபிளுக்கு ஆர்எஃப்1, ஆர்எஃப்2, ஆர்எஃப்3. பழைய 2 இப்போது ஹெச்ஜி1, பழைய 3ஏ ஹெச்ஜி2. 2ஏ என்ற நிலையே இனி இல்லை. மெலிதாக இருக்கிறது, விலை குறைவு என்று யாராவது 2ஏ-யைத் தள்ளிவிடப் பார்த்தால் வாங்க வேண்டாம்.

பெயரை மாற்றியது நல்ல வேலை. பழைய வரிசையில் 3ஏ-க்கு அடுத்து 3 வருவதால், கொஞ்சம் கூடுதல் பாதுகாப்பு, அவ்வளவுதான் என்று பலரும் நினைத்தார்கள். உண்மையில் இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. 3ஏ வரை உள்ளவை துணிபோல மடங்கும் மென்கவசங்கள். கெவ்லார் போன்ற அராமிட் இழைகளையோ பாலிஎத்திலீன் இழைகளையோ பல அடுக்காக வைத்துத் தைத்தவை. குண்டு மோதியதும் இழைகள் இழுபட்டு, அதன் விசையைப் பக்கவாட்டில் பரப்பி, குண்டை நசுக்கி நிறுத்துகின்றன. கோல் வலையில் விழும் பந்து போல. கைத்துப்பாக்கிக் குண்டு பருமனாக, மழுங்கலாக, மெதுவாக வருவதால் இது நடக்கிறது. ரைஃபிள் குண்டு கூராக, மிக வேகமாக வரும். இழைகள் இழுபடுவதற்கு முன்பே அறுந்துவிடும்.

சோதனை எண்களைப் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். ஹெச்ஜி1 சோதனையில் 8 கிராம் எடையுள்ள 9 மி.மீ. குண்டு நொடிக்கு 398 மீட்டர் வேகத்திலும், 10.2 கிராம் .357 மேக்னம் குண்டு 436 மீட்டர் வேகத்திலும் சுடப்படுகின்றன. ஹெச்ஜி2-வில் 9 மி.மீ. வேகம் 448 மீட்டராகிறது, கூடவே 15.6 கிராம் .44 மேக்னம் 436 மீட்டரில். அந்த .44 குண்டின் ஆற்றல் ஏறத்தாழ 1,480 ஜூல். 5.56 மி.மீ. எம்193 ரைஃபிள் குண்டு வெறும் மூன்றரை கிராம் சொச்சம்தான். ஆனால் 990 மீட்டர் வேகத்தில் வருகிறது. ஆற்றல் சுமார் 1,750 ஜூல். ஆற்றலில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் முன்னதை நிறுத்தும் மென்கவசத்தைப் பின்னது துளைத்துப் போய்விடும். வேகமும் கூர்மையும்தான் காரணம். ஆகவே 3ஏ-யை இரண்டாக அடுக்கிப் போட்டுக்கொண்டால் ரைஃபிளுக்கு ஆகுமா என்ற கேள்விக்கு ஆகாது என்பதே பதில். அந்தக் கேள்வியை அடிக்கடி என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

இப்போது தேர்வுக்கு வருவோம். விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, உங்கள் காவலர் தன் இடுப்பில் எந்தத் துப்பாக்கியை, எந்தத் தோட்டாவோடு வைத்திருக்கிறார்? கவசம் குறைந்தது அதையாவது தாங்க வேண்டும். கைகலப்பில் துப்பாக்கியைப் பறித்து அதே காவலரைச் சுடுவது கற்பனையான ஆபத்து அல்ல. அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. தொகுக்கும் ஆண்டுப் பதிவுகளில், தம் சொந்த ஆயுதத்தாலேயே கொல்லப்பட்ட காவலர்களுக்கென்று தனி அட்டவணையே உண்டு. கூட வரும் சக காவலரின் குறி தவறிய குண்டும் இதே கணக்கில்தான் சேரும்.

இரண்டாவது, உங்கள் பகுதியில் கடந்த சில ஆண்டுகளில் பறிமுதல் செய்த ஆயுதங்களின் பதிவேடு. இதைப் பார்க்காமல் நிலையைத் தேர்வு செய்வது குருட்டாம்போக்கு. பிடிபட்டவற்றில் பெரும்பாலானவை ரிவால்வரும் பிஸ்டலுமா, நாட்டுத் துப்பாக்கியா, ஷாட்கன்னா, ரைஃபிளா, இல்லை எல்லாமே கத்தியும் அரிவாளுமா? துப்பாக்கியின் பெயரோடு நிற்காமல் தோட்டாவின் வகையையும் குழலின் நீளத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதே 9 மி.மீ. தோட்டா, பிஸ்டலிலிருந்து வருவதைவிட நீளக் குழல் கொண்ட சப் மெஷின் கன்னிலிருந்து வேகமாக வரும். ஹெச்ஜி2-வில் 9 மி.மீ.யின் வேகம் உயர்த்தி வைக்கப்பட்டிருப்பது அப்படிப்பட்ட குண்டுகளுக்கும் இடம் கொடுக்கிறது. டோகரேவ் வகை 7.62 மி.மீ. பிஸ்டல் தோட்டா போல, சிறிய, வேகமான குண்டுகள் உங்கள் பதிவேட்டில் இருந்தால், பொதுச் சான்றிதழ் அதைப் பற்றி எதுவும் சொல்லாது. அந்தத் தோட்டாவை வைத்தே தனியாகச் சுட்டுக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். ஷாட்கன் ரவைக்கும் இதே பேச்சுதான்.

2-க்கும் 3ஏ-க்கும் இடையே தடுமாறுபவர்கள் பலர். இருபது ஆண்டுகளுக்கு முன்பு என்றால் 3ஏ தடித்த பலகை மாதிரி இருந்தது. காவலர்கள் அதை அலமாரியில் தொங்கவிட்டுவிட்டுப் போனதற்குக் காரணம் இருந்தது. இன்றைய நல்ல 3ஏ-க்களில் பல, அன்றைய 2-ஐவிட மெலிவு. ஆகவே நிலையை மட்டும் ஒப்பிடாமல், சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ, எத்தனை மி.மீ. கனம், எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்று ஒப்பிடுங்கள். இரண்டு நிறுவனங்களின் 3ஏ-க்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம், ஒரே நிறுவனத்தின் 2-க்கும் 3ஏ-க்கும் இடையே இருப்பதைவிடப் பெரிதாக இருக்கலாம். 3ஏ-க்கு இன்னொரு நன்மையும் உண்டு. 2-இல் படும் அதே குண்டு பட்டாலும், அடுக்கு அதிகமாக இருப்பதால் உடம்புக்குள் இறங்கும் குழி பொதுவாகக் குறைவாக இருக்கும்.

அந்தக் குழியைப் பற்றி ஒரு வார்த்தை. கவசத்தின் பின்னால் களிமண் வைத்துச் சுடுவார்கள். குண்டு துளைக்காவிட்டாலும் களிமண்ணில் விழும் பள்ளம் 44 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. 1970-களில் ஆடுகளின் மீது நடத்திய சோதனைகளிலிருந்து வந்த எண் அது. ஆகவே "தேறியது" என்றால் காயமே இருக்காது என்று பொருள் இல்லை. விலா எலும்பு முறியலாம், உள்ளே ரத்தம் கட்டலாம். கவசத்தில் குண்டு பட்ட காவலர் எழுந்து நின்று சிரித்தாலும் நேரே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

இருந்தும் எந்த இடத்தில் 2-ஐ எடுக்கச் சொல்வேன்? பதிவேட்டில் சாதாரண 9 மி.மீ., .38 வகைகளைத் தாண்டி எதுவும் இல்லை. ஆண்டில் பாதி நாள் கொளுத்துகிறது. காவலர்கள் நடந்தே ரோந்து போகிறார்கள். போட்டுப் பார்க்கக் கொடுத்த 3ஏ-யை மதியத்துக்குள் கழற்றிவிடுகிறார்கள். அங்கே 2. அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் 2010-ல் வெளியிட்ட ஆய்வு, உடற்பகுதியில் சுடப்பட்ட காவலர்களில் கவசம் அணியாதவர்கள் இறக்கும் வாய்ப்பு, அணிந்தவர்களைப் போல 3.4 மடங்கு என்று கணக்கிட்டது. அணிவதற்கும் அணியாததற்கும் இடையே உள்ள இந்த வித்தியாசத்தின் முன்னால் 2-க்கும் 3ஏ-க்கும் இடையே உள்ளது சிறியது. கவசம் வாகன விபத்திலும் மார்பைக் காக்கிறது; ரோந்துக் காவலர் நாளில் பெரும்பகுதி வண்டியில்தானே இருக்கிறார்.

கத்திக்கு வருகிறேன். குண்டுக்கான மென்கவசம் கத்தியையும் நிறுத்தும் என்பது ஆபத்தான நம்பிக்கை. கூர்முனை இழைகளுக்கு நடுவே வழி விலக்கிக்கொண்டு இறங்கிவிடும். கத்திக்கான கவசம் வேறு தொழில்நுட்பம்: மிக நெருக்கமான நெசவு, பிசின் ஏற்றிய அடுக்குகள், சில சமயம் உலோக வளையப் பின்னல். அதற்கு என்.ஐ.ஜே.யின் தரவிதியும் தனி. குத்தின் ஆற்றல் 24, 33, 43 ஜூல் என்று மூன்று நிலைகள்; அந்த ஆற்றலில் முனை 7 மி.மீ.க்கு மேல் உள்ளே வரக் கூடாது. அதிலும் விளிம்புக் கத்திக்கு ஒரு வகை, ஊசி போன்ற கூராணிக்கு இன்னொரு வகை. சிறைக் காவலர்களுக்குப் பின்னது முக்கியம், ஏனென்றால் அங்கே தேய்த்துக் கூராக்கிய கம்பிதான் ஆயுதம். பிரிட்டனில் ரோந்துக் காவலர்கள் பெரும்பாலும் துப்பாக்கி ஏந்துவதில்லை. அவர்கள் சந்திக்கும் ஆபத்தும் கத்தி சார்ந்தது. அதனால் அங்குள்ள தரவிதியில் துப்பாக்கிக்கு ஒரு வரிசை, கத்திக்கு ஒரு வரிசை, கூராணிக்கு ஒரு வரிசை என்று வைத்து, மூன்றையும் ஒரே உடுப்பில் சேர்த்துக் கேட்கிறார்கள். உங்கள் பதிவேட்டில் கத்தியே நிறைந்திருந்தால் இந்த வழிதான் சரி. ஒன்றைப் பெற இன்னொன்றைக் கொடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்த உடுப்பு விறைப்பாகவும் கனமாகவும் இருக்கும். அப்படிச் சேர்க்கும்போது துப்பாக்கிக்கு 2-ம் கத்திக்கு முதல் நிலையும் என்று எடுத்தால் சுமக்க முடிகிறது.

இனி தகடுகள். 1997 பிப்ரவரி 28-ல் லாஸ் ஏஞ்சலிஸின் நார்த் ஹாலிவுட்டில் வங்கிக் கொள்ளையர் இருவர் ரைஃபிள்களோடும் கவசத்தோடும் வந்து காவலர்களோடு நெடுநேரம் சண்டை போட்டார்கள். ரோந்துக் காவலர்கள் கையில் இருந்ததோ பிஸ்டலும் ஷாட்கன்னும். சிறப்புப் படை வரும் வரை முதலில் போய் நிற்பவர் ரோந்துக் காவலர்தான் என்பதை அந்த நாள் காட்டியது. வண்டியில் தகடு வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

தகட்டில் எந்த நிலை என்பது மென்கவசத்தைவிடச் சிக்கலானது. பழைய லெவல் 3 தகடு 7.62 மி.மீ. நேட்டோ எம்80 குண்டை நொடிக்கு 847 மீட்டரில் நிறுத்த வேண்டும். அதிலே தேறிய தகடு, அதைவிடச் சிறிய 5.56-ஐ நிறுத்தும் என்றுதானே நினைப்போம்? நிறுத்தாமல் போகலாம். பாலிஎத்திலீன் தகடு எடை குறைவு, எம்80-ஐ அழகாக நிறுத்தும். முனையில் எஃகு உள்ள 5.56 வகையான எம்855 அதைத் துளைத்துவிடக் கூடும். எஃகுத் தகடு எம்855-ஐ நிறுத்தலாம், ஆனால் மிக வேகமாக வரும் எம்193 அதைத் துளைக்கக் கூடும். போதாக்குறைக்கு, எஃகில் மோதிச் சிதறும் துண்டுகள் கழுத்துக்கும் முகவாய்க்கும் தெறிக்கும். ரோந்துக்கு எஃகுத் தகட்டை நான் பரிந்துரைப்பதே இல்லை. புதிய தரவிதி இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்திருக்கிறது: ஆர்எஃப்1-ல் எம்80-உடன் ஏ.கே. வகை ரைஃபிளின் 7.62×39 குண்டும் எம்193-உம் சேர்ந்திருக்கின்றன. ஆர்எஃப்2-ல் அவற்றோடு எம்855. ஆர்எஃப்3 என்பது பழைய லெவல் 4; கவசம் துளைக்கும் .30 காலிபர் குண்டுக்கானது.

அப்படியானால் ஆர்எஃப்3 எல்லாவற்றுக்கும் மேல் என்று எடுத்துவிடலாமா? அங்கேயும் ஒரு கணக்கு உண்டு. 2008 பதிப்பின் சோதனையில் லெவல் 3 தகடு ஆறு குண்டுகளைத் தாங்க வேண்டும். லெவல் 4 தகட்டுக்கு ஒன்று போதும். அந்தத் தகட்டில் இருக்கும் செராமிக் முதல் அடியில் நொறுங்கித்தான் குண்டின் முனையை உடைக்கிறது, அதே இடத்தில் இரண்டாவது அடி பட்டால் நிலைமை வேறு. எடையும் ஒரு தகட்டுக்கு மூன்று கிலோவைத் தொடும் அல்லது தாண்டும். முன்னும் பின்னும் மாட்டினால் இரட்டிப்பு. கவசம் துளைக்கும் ரைஃபிள் குண்டு பதிவேட்டில் இல்லாத இடத்தில், வண்டியில் வைக்க ஆர்எஃப்2 தகடு என் தேர்வு. ஓடவும் முடியும், அடிபட்டவரைத் தூக்கவும் முடியும்.

தகடு வாங்கும்போது எல்லோரும் கோட்டைவிடும் இடம் ஒன்று. சில தகடுகள் தனியாகவே நிற்கும். சில, பின்னால் 3ஏ மென்கவசம் இருந்தால்தான் சொன்ன நிலையைத் தரும். பின்னதில், எந்த நிறுவனத்தின் எந்த மாடல் மென்கவசத்தோடு சேர்த்துச் சோதித்தார்களோ அதோடு சேர்ந்தால் மட்டுமே சான்றிதழ் செல்லும். வண்டியில் இருக்கும் தகட்டை எந்தக் காவலர் எந்த உடுப்புக்கு மேல் மாட்டுவார் என்று தெரியாது. ஆகவே தனித்து நிற்கும் வகையைக் கேளுங்கள். அதை டிக்கியில் ஸ்டெப்னி டயருக்கு அடியில் போட்டுவைத்துப் பயனில்லை. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், தலை வழியாக ஒரே இழுப்பில் மாட்டிக்கொள்ளும்படி இருக்க வேண்டும். மாட்டிப் பழகவும் வேண்டும். செராமிக் கீழே விழுந்தால் வெளியே தெரியாமல் விரிசல் விடும். விழுந்த தகட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் திரும்பப் பணிக்கு விடக் கூடாது.

நிலை சரியாக இருந்து அளவு தப்பினால் என்ன ஆகும்? குண்டு கவசம் இல்லாத இடத்தில் படும். நிற்கும்போது முன் பலகையின், அதாவது உறைக்குள் இருக்கும் மென்கவச அடுக்கின், கீழ் விளிம்புக்கும் பெல்ட்டுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால், வண்டியில் உட்கார்ந்ததும் கவசம் மேலேறித் தொண்டையை முட்டும். காவலர் அதைத் தளர்த்திவிடுவார், தளர்ந்ததும் அக்குள் பக்கம் திறந்துகொள்ளும். பக்கவாட்டில் முன் பலகை பின் பலகையின் மேல் சற்று ஏறி மூட வேண்டும். எஸ், எம், எல் என்று மொத்தமாக வாங்காமல் ஆளுக்கு ஆள் அளவெடுக்கச் சொல்லுங்கள். எடை கூடினாலோ குறைந்தாலோ மறுபடி அளக்க வேண்டும். பெண் காவலர்களுக்கு ஆண்களின் சிறிய அளவைக் கொடுப்பது இன்னும் நடக்கிறது. அது மார்பின் மேல் சரியாகப் படியாமல் பக்கத்தில் இடைவெளி விடும். அவர்களுக்கான வடிவத்தில், மடிப்போ தையலோ வரும் இடம் பலவீனமாக இருக்கிறதா என்பதைச் சரியாகச் சோதிக்கும் முறையை 2023 பதிப்பு மேம்படுத்தியிருக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே புதிய பதிப்பில் தேறியதைக் கேட்கலாம்.

சான்றிதழைப் பற்றி. "என்.ஐ.ஜே. தரத்துக்கு ஏற்பத் தயாரித்தது" என்ற வாசகத்துக்கு மதிப்பில்லை. அந்த அமைப்பு தேறிய மாடல்களின் பட்டியலை வெளியிடுகிறது. மாடல் எண் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். "3ஏ பிளஸ்", "3 பிளஸ்" என்று எந்தத் தரவிதியிலும் இல்லை. விற்பனையாளர் வைத்த பெயர்கள். உங்கள் நாட்டுக்கென்று தரவிதி இருந்தால், அதன் எண்ணையும் என்.ஐ.ஜே. எண்ணையும் ஒன்றென்று நினைக்காதீர்கள். இந்தியாவின் ஐ.எஸ். 17051 ஆகட்டும், ஜெர்மன் பக்கத்தின் வி.பி.ஏ.எம். ஆகட்டும், நிலை எண்கள் வேறு, குண்டுகளும் வேறு. டெண்டரில் எண்ணை மட்டும் எழுதாமல் தோட்டா, எடை, வேகம் மூன்றையும் எழுதிவிட்டால் யாரும் நழுவ முடியாது.

பழசாவதையும் நிலையோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். சைலான் என்ற இழை மெலிவும் வலுவும் சேர்ந்தது என்று பெயரெடுத்தது. 2003-ல் பென்சில்வேனியாவில் ஒரு காவலர் அணிந்திருந்த சைலான் கவசத்தைக் குண்டு துளைத்தது. ஈரமும் வெப்பமும் அந்த இழையை நைந்துபோகச் செய்வது ஆய்வில் தெரிந்தது. 2005-ல் என்.ஐ.ஜே. சைலானை ஒதுக்கியது. அதன் பிறகு வந்த 2008 பதிப்பில், மென்கவசத்தை 65 டிகிரி வெப்பத்திலும் 80 விழுக்காடு ஈரப்பதத்திலும் பத்து நாள் உருட்டிவிட்டுத்தான் சுடுகிறார்கள். பொதுவாக உத்தரவாதம் ஐந்து ஆண்டு. அதற்குமேல் போடாதீர்கள், அடுத்த தொகுதிக்கான பணத்தை முதல் ஆண்டிலேயே திட்டத்தில் எழுதி வையுங்கள். வெளி உறையைத் துவைக்கலாம். உள்ளே இருக்கும் பலகையை வாஷிங் மெஷினில் போடவோ, பிளீச்சில் நனைக்கவோ, வெயிலில் காயவைக்கவோ, ஹேங்கரில் தொங்கவிடவோ கூடாது. ஈரத்துணியால் துடைத்து நிழலில் படுக்கை வாக்கில் வைக்க வேண்டும். குண்டு பட்ட கவசம் அன்றோடு கழிவு.

கடைசியாக, ஆர்டர் போடுவதற்கு முன் செய்ய வேண்டியது. உங்கள் பட்டியலில் மிஞ்சிய இரண்டு மூன்று மாடல்களில் சிலவற்றை மட்டும் வாங்கி, நடந்து போகிறவர், வண்டியில் போகிறவர், இரவுப் பணிக்காரர், பெண் காவலர் என்று கலந்து கொடுங்கள். ஆண்டிலேயே வெப்பம் மிகுந்த காலத்தில், சில வாரங்கள். எந்த மணிக்குக் கழற்றினார்கள், ஏன் கழற்றினார்கள் என்று மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பையும் ஆயுதப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கழற்றாமல் போட்டிருந்தவற்றில் உயர்ந்த நிலை எதுவோ அதற்கு ஆர்டர் கொடுங்கள்.